மூன்றாம் எண் தராசும் சோடியம் உறுதிமொழியும்

எங்கள் சங்கத்தில் முதலில் காய்கறியை மட்டும்தான் எடை போட்டுக்கொண்டிருந்தோம். பரவையைத் தாண்டித் திண்டுக்கல் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை, அதற்கு முன்னால் ‘மேலக்கரை காய்கனி விளைவிப்போர் கூட்டுறவு விற்பனைச் சங்கம்’ என்று ஒரு பலகை. கொட்டகையை விடப் பலகை இரண்டடி நீளம். நான் அங்கே எழுத்தர், பெயர் ஜெயபாண்டி. பதினாறு வருஷமாக ரசீது எழுதுகிறேன். வெங்காயத்துக்கு எழுதியிருக்கிறேன், கத்தரிக்காய்க்கு எழுதியிருக்கிறேன். வாழைப்பழத் தோலுக்கு எழுதுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

போன சித்திரை முடிந்த கையோடு தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு நலவாழ்வு அலுவலர் வந்து சேர்ந்தார். டாக்டர் முத்துக்குமரன். டாக்டர் என்றதும் சுமைதூக்கும் கருப்பு ஓடிப்போய்த் தன் முழங்கால் வலியைச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் அந்த டாக்டர் இல்லை என்றார். ‘கோணிப்பைக் கொள்முதலில் ஈரப்பதத்தின் பங்கு’ என்று நானூறு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவர். எங்கள் எடைச் சீட்டில் ‘ஈரத் தள்ளுபடி’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, தண்ணீர் தெளித்துக் கொண்டுவரும் சரக்குக்கு எவ்வளவு கழித்தோம் என்று எழுதுவதற்கு, அந்தக் கட்டம் அச்சானதே அவருடைய பரிந்துரையால்தானாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கம்மியது.

வந்த மறுநாளே எல்லோரையும் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்துப் பேசினார்.

“மனுஷ உடம்புங்கிறது என்ன? ஒரு சாக்கு. சாக்கைப் பத்தி எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. ஆகவே உடம்பைப் பத்தியும் தெரியும். நம்ம எடைக்குக் காரணம் சோறு இல்ல, சோடியம். அதாவது உப்பு. சோடியம் எதிரி. பொட்டாசியம் நண்பன். எதிரியை வெளிய அனுப்பி நண்பனை உள்ள கூப்பிட்டா எடை தானா இறங்கும். இதை நான் ஒரே ராத்திரியில செல்போன்ல படிச்சுக் கண்டுபிடிச்சேன். மத்தவங்களுக்கு இதுக்குப் பல வருஷம் ஆகியிருக்கும்.”

கை தட்டினோம். தட்டாமல் இருந்தால் வருகைப் பதிவேட்டில் தெரியும் என்று எங்களுக்குள் ஒரு பயம்.

சுற்றறிக்கை அன்று மாலையே வந்தது. உடல் எடை அதிகமுள்ள ஊழியர்கள் தொண்ணூறு நாளில் மூன்று கிலோ குறைக்க வேண்டும். தவறினால், நடமாட இடம் அதிகமுள்ள கொட்டாம்பட்டிக் கிடங்குக்கு அவர்களின் ஆரோக்கியத்தை முன்னிட்டு மாற்றப்படுவார்கள். இதைத் தண்டனையாகக் கருதக் கூடாது என்று கடைசி வரியில் அடிக்கோடிட்டிருந்தார்கள்.

அந்தப் பட்டியலில் முதல் பெயர் எங்கள் எடையாளர் சிவபாண்டி அண்ணன். தொண்ணூற்றிரண்டு கிலோ. இருபது வருஷமாக மூன்றாம் எண் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவர். அந்தத் தராசு அவர் பேச்சைக் கேட்கும் என்று விவசாயிகள் சொல்வார்கள். உண்மையில் அவர்தான் தராசின் பேச்சைக் கேட்பார். அது ஒன்று காட்டி, அவர் ஒன்று எழுதியதை நான் பார்த்ததில்லை.

கொட்டாம்பட்டி என்பது அவருக்கு வெறும் ஊர்மாற்றம் இல்லை. போன தை மாதம்தான் பரவையில் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிபோயிருந்தார். அவர் மனைவி கனகலட்சுமி மதினி வீட்டிலேயே எலுமிச்சை, நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு விற்கிறவர். மதினிக்கு இடது தோளில் ஒரு ஆபரேஷன் ஆனதிலிருந்து கனமானதைத் தூக்கக் கூடாது. காலையில் இருபத்துநாலு ஜாடியை மாடிக்குத் தூக்கி வெயிலில் வைப்பதும், சாயங்காலம் இறக்குவதும் அண்ணன் வேலை. கொட்டாம்பட்டிக்குப் போனால் மாட்டுத்தாவணியில் பஸ் மாறி, விடியுமுன் கிளம்பி இருட்டியபின் வர வேண்டும். ஜாடி வெயில் பார்க்காது. ஊறுகாய் பூத்துப்போகும்.

“என்னங்க, அப்ப நான் போடுறது எல்லாமே எதிரியா?” என்று மதினி கேட்டார். அலுவலர் உப்பைப் பற்றிப் பேசியதைச் சொல்லி, சுற்றறிக்கையையும் படித்துக் காட்டிய நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

“கவர்மெண்டு மாதிரி தாள்ல போட்டுருக்காங்க கனகு. படிச்சவங்க சொல்றாங்க. மூணு மாசம் உப்பைக் குறைச்சுத்தான் பாப்போமே” என்றார் அண்ணன். அவருக்கு யாரையும் சந்தேகப்படத் தெரியாது, கொத்தமல்லிக் கட்டைத் தவிர.

மறுநாள் முதல் காலை எட்டரைக்குச் சோடியம் உறுதிமொழி. வலது கையை நீட்டி, “ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவற்றை மனத்தாலும் நாடேன்” என்று முப்பத்தெட்டுப் பேர் ஒரே குரலில் சொல்ல வேண்டும். கருப்பு மட்டும் ‘மனத்தாலும்’ என்ற இடத்தில் வாயை மூடிக்கொள்வான். பொய்ச் சத்தியம் செய்தால் அவன் குலசாமி விடாதாம்.

மதியம் டிபன் பாக்ஸ் ஆய்வுக் குழு வரும். அதற்கு மூன்று உறுப்பினர்கள், ஒரு தலைவர், ஒரு கரண்டி. குழம்பை ருசி பார்த்து ‘சோடியம் உண்டு’, ‘சோடியம் ஐயம்’, ‘சோடியம் இல்லை’ என்று குறித்துக்கொள்வார்கள். முப்பத்தெட்டுக் குழம்பையும் ருசி பார்த்ததில் இரண்டு வாரத்தில் குழுவின் எடை கூடியது. குழுவைச் சுற்றறிக்கை கட்டுப்படுத்தாது என்று தெளிவுரை வந்தது.

ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் வாரம் அண்ணனுக்கு இரண்டரைக் கிலோ குறைந்தது. உப்பில்லாத கஞ்சியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்து, எட்டாம் நாள் தராசில் ஏறினார். எண்பத்தொன்பதரை. டாக்டர் முத்துக்குமரன் கண் கலங்கிவிட்டார். அன்று சாயங்காலமே அண்ணனுக்குச் சால்வை போட்டு, ‘சோடியத்தை வென்றவர்’ என்று ஒரு தட்டி கட்டினார்கள். தட்டியில் அண்ணன் படத்தை விட அலுவலர் படம் பெரியது.

அந்த வாரம் ரத்த அழுத்தம் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் சுபலட்சுமி வந்திருந்தார். தட்டியைப் பார்த்துவிட்டு அண்ணனிடம், “உப்பைக் குறைச்சது நல்லதுதாண்ணே, பிரஷருக்கு நல்லது. ஆனா இது கொழுப்புக் குறைஞ்சது இல்ல. உப்பு உடம்புல தண்ணியப் புடிச்சு வைக்கும். உப்புக் குறைஞ்சதும் அந்தத் தண்ணி இறங்கிருச்சு, அம்புட்டுத்தான். பழைய மாதிரி சாப்பிட்டா திரும்ப ஏறிக்கும். நிசமா இறங்கணும்னா சோத்தைக் குறைச்சு நடக்கணும்” என்றார்.

“அப்ப பொட்டாசியம்?” என்று கேட்டேன்.

“வாழைப்பழம், கீரை, இளநி எல்லாம் நல்லதுதான், உப்பு செய்யுற கெடுதலைக் கொஞ்சம் சமாளிக்கும். அதுக்காக அது கொழுப்பைக் கரைக்கிற மருந்து இல்ல. கிட்னி கோளாறு உள்ளவங்க அதிகம் தின்னாக் கெடுதல் வேற.”

இதை நான் அலுவலரிடம் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “அவங்க ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவங்க. நோயாளியைத்தான் தெரியும். எனக்குச் சாக்கைத் தெரியும்” என்றார்.

இரண்டாம் சுற்றறிக்கை பொட்டாசியம் பற்றியது. ஒவ்வொருவரும் தினமும் ஆறு பச்சைப்பழமும் ஓர் இளநீரும் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டதற்கு அத்தாட்சியாகத் தோலை அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். நான் வாழைப்பழத் தோலுக்கு ரசீது எழுத ஆரம்பித்தது அப்போதுதான். ஆறு தோல் என்றால் மஞ்சள் சீட்டு, ஐந்து என்றால் விளக்கக் கடிதம். ஒட்டிக்கொண்ட இரட்டைப் பழத்தை ஒன்றாக எழுதுவதா இரண்டாகவா என்று தலைமை அலுவலகத்துக்குக் கேட்டு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

கணக்கர் ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாழைப்பழத்தையும் இளநீரையும் தொடவே கூடாது என்று அவருடைய டாக்டர், அதாவது அந்த டாக்டர், எழுதிக் கொடுத்திருந்தார். விலக்கு வேண்டுமென்று மூன்று படியில் விண்ணப்பித்தார். விலக்கு கிடைத்தது, தோலுக்குக் கிடைக்கவில்லை. பாவம், பக்கத்து டீக்கடையில் தினமும் ஆறு தோல் பொறுக்கிவந்து கட்டிவிட்டுப் போனார். ஒப்படைத்த தோல்களை எங்கே வைப்பதென்று யாரும் சொல்லாததால் அவை கொட்டகைக்குப் பின்னால் சேர்ந்தன. சுற்றுவட்டாரத்து ஆடுகள் முழுக்க எங்கள் சங்கத்தில் உறுப்பினர்களாகிவிட்டன.

கருப்பு ஐம்பத்துநாலு கிலோ. அவன் குறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் சுற்றறிக்கையில் ‘ஒவ்வொருவரும்’ என்றிருந்தது. அக்னி வெயிலில் மூட்டை தூக்கி, வேர்வையாக உப்பைக் கொட்டிவிட்டு, உப்பில்லாக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தவன் ஒரு மத்தியானம் உருளைக்கிழங்கு மூட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கண் சொருகியது. எனக்கு உயிரே போய்விட்டது. யாரோ பக்கத்து வீட்டிலிருந்து உப்புப் போட்ட மோர் வாங்கிவந்து கொடுத்தார்கள். அரைமணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தான். ‘பொட்டாசியம் செயல்படத் தொடங்கியதன் அறிகுறி’ என்று அலுவலர் குறிப்பெழுதினார். மோரைப் பற்றிக் குறிப்பில் இல்லை.

இதற்கிடையில் அண்ணனின் எடை ஏறத் தொடங்கியது. வழக்கமான மூன்று வேளைச் சோற்றுக்கு மேலே ஆறு பழமும் போனால் வேறு எங்கே போகும்? எண்பத்தொன்பதரை தொண்ணூறானது. தொண்ணூறு தொண்ணூற்றரையானது. பொட்டாசியம் போதவில்லை என்று பழத்தை எட்டாக்கினார்கள்.

அப்புறம் திருமங்கலம் பக்கம் அவர் பங்காளி வீட்டுக் கிடாவெட்டு. போகாமல் இருக்க முடியாது, போய் இலையில் உட்கார்ந்து உப்பு வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. கறிக்குழம்பும் ரத்தப் பொரியலுமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை தராசு தொண்ணூற்றிரண்டைக் காட்டியது. ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு சேர்த்த குற்றத்துக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது.

அண்ணன் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார்.

“மாப்ள, நான் தின்னது எம்புட்டு இருக்கும்? சோறு, கறி எல்லாம் சேத்து ஒரு கிலோ இருக்குமா? அதுல பாதி காலையில வெளிய போயிருச்சு. பெறகு ஒன்றரைக் கிலோ கொழுப்பு எங்கிட்டிருந்து வந்துச்சு?”

நானும் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தேன். கணக்கு இடிக்கத்தான் செய்தது.

அந்த நேரத்தில்தான் கீரை விவசாயி இருளாயி அக்கா கொத்தமல்லிக் கட்டுகளோடு வந்தார். மோட்டார் தண்ணியில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட. அண்ணன் ஒரு கட்டைத் தூக்கி உதறினார். வழக்கம்போல இரண்டு கிலோ ஈரத் தள்ளுபடி எழுதினார். வழக்கம்போல இருளாயி அக்கா சண்டைக்கு வந்தார்.

“வாடாம இருக்கத் தெளிச்சேன்யா. அதுக்குப் போயி ரெண்டு கிலோவா?”

“இல்லக்கா, தண்ணிக்கு எடை போட மாட்டேன். மல்லிக்குத்தான் போடுவேன். உதறுனா குறையுது, நனைச்சாக் கூடுது, மல்லி என்னமோ அதே மல்லிதான்” என்றார் அண்ணன். சொன்னவர் கட்டைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். “மாப்ள, அந்த நர்ஸம்மா சொன்னது இதைத்தான்யா. நான் உதறுன கட்டு. எனக்குப் போய் சால்வை போட்டுருக்காங்க.”

அன்று முதல் அவர் முகத்தில் சிரிப்பில்லை. மூன்று வாரம்தான் பாக்கி இருந்தது.

இறுதி எடைக்கு மேலாண்மை இயக்குநரே வருவதாக அறிவிப்பு வந்தது. டாக்டர் முத்துக்குமரன் கணக்குப் போட்டுப் பார்த்தார். முப்பத்தெட்டுப் பேரின் மொத்த எடை, திட்டம் தொடங்கிய நாளை விட ஒன்பது கிலோ அதிகம். அவருக்கு வேர்த்துவிட்டது. ஒரு வாரம் முன்னதாக எல்லோரையும் கூட்டி மெதுவான குரலில் பேசினார்.

“இந்த ஒரு வாரம் உப்பை அறவே நிறுத்திருங்க. முந்தின நாள் மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்காதீங்க. இதை நான் உத்தரவா சொல்லல, ஆலோசனையா சொல்றேன். உத்தரவுன்னா தாள்ல வரும். ஆலோசனைக்குத் தாள் கிடையாது. நான் பொய் சொல்லச் சொல்லல. தராசு என்ன காட்டுதோ அதைத்தான் எழுதப் போறோம். அது காட்டுறதுக்கு நாம கொஞ்சம் ஒத்தாசை பண்றோம்.”

அண்ணனும் ஒத்தாசை செய்தார். கொட்டாம்பட்டி பஸ் அவர் கனவில் வந்துகொண்டிருந்தது. ஏழு நாள் உப்பில்லை, கடைசி நாள் தண்ணீருமில்லை. மதினி அழுதுகொண்டே ஒரு தூக்குவாளியில் மோர் ஊற்றி என்னிடம் கொடுத்தார். “எடை பாத்து முடிஞ்ச மறுநிமிசம் குடுத்துருங்க தம்பி. உப்புப் போட்டுத்தான் வச்சிருக்கேன். யாரும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

விழாவுக்குக் கொட்டகை நிறைய நாற்காலி. விவசாயிகள் சார்பில் கைதட்ட இருபது பேரை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். இருளாயி அக்காவும் அதில் இருந்தார். மேலாண்மை இயக்குநர் ஓய்வு பெற இன்னும் நாற்பது நாள் இருப்பதாகச் சொன்னார்கள். அவரும் அதைத்தான் முதலில் சொன்னார்.

அண்ணன் நாக்கு ஒட்டிப்போய், உதடு வெடித்து, மூன்றாம் எண் தராசில் ஏறினார். எண்பத்தெட்டு எண்ணூறு. மூன்று கிலோவுக்கு மேலேயே குறைவு. கைதட்டல் எழுந்தது. கொட்டாம்பட்டி இல்லை. எனக்கு நெஞ்சு லேசானது.

எடைச் சீட்டில் எடையாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும். தன் சீட்டில் தானே போட வேண்டியதுதான் பாக்கி. பேனாவை எடுத்தார். எடை எழுதினார். ஈரத் தள்ளுபடிக் கட்டத்துக்கு வந்து நின்றார். அதில் ‘இல்லை’ என்று எழுதினால் முடிந்தது. நிமிர்ந்தபோது முன்வரிசையில் இருளாயி அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையில்தான் அவருடைய கட்டுக்கு இரண்டு கிலோ கழிந்திருந்தது.

“ஐயா, இந்தச் சீட்டுல நான் இப்படியே கையெழுத்துப் போட முடியாது” என்றார் அண்ணன். குரல் வறண்டு கரகரத்தது. “நனைச்ச சரக்குக்குக் கழிக்கிறோம். காயவச்ச சரக்குக்குக் கூட்டணும்ல. நான் நேத்து மத்தியானத்துலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல.”

டாக்டர் முத்துக்குமரன் சிரிக்க முயன்றார். “மனுஷனுக்கு அந்தக் கட்டம் பொருந்தாது.”

“நீங்கதான சார் மொத நாளே சொன்னீங்க, உடம்பு ஒரு சாக்குன்னு.”

அண்ணன் என் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கினார். எல்லோரும் பார்க்க, மூச்சுவிடாமல் ஒன்றேகால் லிட்டர் மோரையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி தராசில் ஏறினார். தொண்ணூறைத் தாண்டியது. “ஒரு நிமிசத்துல ஒன்றேகால் கிலோ குண்டாயிட்டேன் ஐயா. என்னையக் கொட்டாம்பட்டிக்கு அனுப்புறதுன்னா அனுப்பிக்கங்க. சீட்டு மட்டும் சரியா இருக்கட்டும்.”

எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கருப்பு விசில் அடித்தான். கைதட்ட வந்தவர்கள் இப்போது தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் அலுவலரைப் பார்த்தார்கள். இருளாயி அக்கா மட்டும் யாரையும் கேட்காமல் தட்டினார்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

“நான் யாரையும் குறை சொல்றவன் இல்ல. குறை சொன்னா விசாரணை வைக்கணும். விசாரணை வச்சா அறிக்கை வரும். அறிக்கை வந்தா நான் படிக்கணும். நாப்பது நாள்ல அது ஆகாது. எடையாளர் விதிப்படி நடந்திருக்காரு, அவர் மேல தப்பில்ல. திட்டம் தலைமை அலுவலகத்துத் திட்டம், அது மேல தப்பிருக்க வாய்ப்பே இல்ல. ஒரே ஆளுக்கு ஒரு நிமிசத்துல ரெண்டு எடை காட்டினது எது? மிச்சம் இருக்கிறது தராசுதான்.”

உத்தரவு மறுவாரம் வந்தது. மூன்றாம் எண் தராசு நம்பகத்தன்மை இழந்துவிட்டதால் கொட்டாம்பட்டிக் கிடங்குக்கு மாற்றப்படுகிறது. அதில் எடுக்கப்பட்ட ஊழியர் எடைகள் செல்லாது. எடை செல்லாததால் எடை அடிப்படையிலான இடமாற்றங்களும் நிறுத்திவைக்கப்படுகின்றன. புதுத் தராசு வரும், அதில் காய்கறி மட்டுமே ஏற வேண்டும். டாக்டர் முத்துக்குமரன் பதவி உயர்வில் போனார். போகுமுன், இந்த மாற்றத்தைத் தண்டனையாகக் கருதக் கூடாது என்று தராசுக்கான உத்தரவிலும் அடிக்கோடிட்டிருந்தார்.

சங்கத்தை விட்டுப் போகும் எந்தப் பொருளுக்கும் எடைச் சீட்டு வேண்டும். தராசை எந்தத் தராசில் நிறுப்பது? புதுத் தராசில்தான். இருபது வருஷம் பக்கத்தில் நின்ற அதை அண்ணனும் கருப்பும் தூக்கி வைத்தார்கள். அண்ணன் அதன் தட்டைத் துண்டால் ஒருமுறை துடைத்தார். மதினி கட்டிக்கொடுத்த தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் பக்கத்து மூட்டை மேல் திறந்திருந்தது, கரண்டியோடு யாரும் வரவில்லை.

“எழுதிக்க மாப்ள” என்றார். “அறுபத்திநாலு கிலோ.”

எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

“ஈரத் தள்ளுபடி?”

“இல்ல மாப்ள. இது மட்டுந்தான் காஞ்ச சரக்கு” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.